ஏரிக்குப் போகிற வண்டியில் யார் யார்

ஏரிக்குப் போவது என்று முடிவானதிலிருந்து அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதி ஏரிக்குப் போய்விட்டது. பெரியவன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏரியை வரைந்து, வீட்டிலிருந்த நீலப் பென்சில்களையெல்லாம் கட்டையாகும்வரை தேய்த்து, காயட்டும் என்று விரித்து வைத்திருந்தான். பென்சில் கோடு காய வேண்டியதில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற அந்த நடைக்காகவே அவனைத் துரை என்று கூப்பிட்டார்கள். மிச்சமிருந்த பாதி மேஜையில் எல்லோரும் முழங்கை இடிபடச் சாப்பிட்டார்கள்.

சின்னவளுக்கு ஏரி என்றால் என்னவென்றே தெரியாது. பெரிய குளியல் தொட்டி என்று அண்ணன் சொல்லிவைத்திருந்தான். அப்படியானால் அதைத் திறந்துவிட்டது யார், சாயங்காலம் அடைப்பது யார் என்று அவள் பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டாள். வீட்டில் அவள் பெயர் பட்டாணி. தவழ்கிற வயதில் எங்கே முட்டிக்கொண்டாலும் குளிர்ப்பெட்டியிலிருந்து உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து நெற்றியில் ஒற்றுவார்கள். நாளுக்கு நாலு தடவை முட்டிக்கொண்டதால் பெயர் நின்றுவிட்டது.

பொட்டலத்தைக் கொண்டுவந்தது சித்தி. ஏரிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்ததும் சித்திதான். பிள்ளைகளின் அம்மா இறந்துபோனாள். அவளுடைய தங்கை இவள். பல்பு மாற்றுவதிலிருந்து பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதுவரை அந்த வீட்டில் எது நடந்தாலும் சித்தி. எது நடக்காவிட்டாலும், ஏன் நடக்கவில்லை என்று சித்தியைத்தான் கேட்பார்கள். ஆகவே தங்குமிடம் பார்த்தது, வண்டி பேசியது, கொசுவலை இருக்கிறதா என்று விசாரித்தது எல்லாம் அவள்.

ஆனால் அவள் போகவில்லை. அது அவளுக்குத் தெரியும், பிள்ளைகளின் அப்பாவான அவள் அத்தானுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

சித்தி வேலை பார்த்தது நகரத்துக்கு வெளியே ஒரு குளிர்கிடங்கில். மீன், இறால், ஐஸ்கிரீம், காய்கறி என்று உறைந்த சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் கூரை முட்ட அடுக்கியிருக்கும். வெளியே தார் உருகுகிற வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் ஒரே குளிர்காலம்தான். கம்பளித் தொப்பி, மூன்று அடுக்குச் சட்டை, பானைபோல் வீங்கிய கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு அவள் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவாள். அங்கே அவளுக்குப் பெயர் ஐஸக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தத் தாடைக்கு மேல் சிரிப்பே ஏறாது என்று யாரோ கேலியாக வைத்தது. சிரிப்பு வராமலில்லை. உதடு விறைத்திருக்கும்போது யார் சிரித்தாலும் அழுகிற மாதிரிதான் இருக்கும். அதனால் சிரிப்பதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்வாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே சூப்பர்வைசர் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுப்பார்: "கை வலிக்கிற வரைக்கும் பயமில்ல. வலி நின்னுபோச்சுன்னா உடனே வெளிய வந்துடு." சித்தி அதைக் கேட்ட காலத்தில் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவளுடைய விரல்நுனிகளுக்குச் சூடு எது, குளிர் எது என்கிற வித்தியாசம் மங்கிவிட்டது. பிள்ளைகளுக்குக் குளிக்க வெந்நீர் வைத்தால் விரலை நம்ப மாட்டாள். முழங்கையை விட்டுத்தான் பதம் பார்ப்பாள்.

கிடங்கில் இன்னொரு வழக்கம் உண்டு. பெரிய கதவைச் சாத்துமுன் சூப்பர்வைசர் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். உள்ளே இருப்பவர் "உள்ளே" என்பார். வெளியே வந்துவிட்டவர் "வெளியே" என்பார். எல்லோரும் "வெளியே" சொன்ன பிறகுதான் கதவு சாத்தும். இதில் ஒரு கண்டிப்பு: அவரவர் பதிலை அவரவர் வாயால்தான் சொல்ல வேண்டும். தாடி என்று ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவரைக் கூப்பிட்டபோது, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நின்ற ஒருவன், அவர் கைகழுவப் போய்விட்டார் என்று நினைத்து "வெளியே" என்று தானே சொல்லிவிட்டான். தாடி பெட்டி அடுக்குக்குப் பின்னால் இருந்தார். உள்ளேயிருந்து திறக்கிற குமிழ் உறைந்துபோய் அசையவில்லை. ஆணியில் அவருடைய குடை தொங்குவதைக் காவல்காரர் பார்த்ததால் ஆள் பிழைத்தார். இரண்டு விரல்களின் நுனி போயிற்று. அதற்குப் பிறகு அங்கே யாருக்காகவும் யாரும் பதில் சொல்வதில்லை.

இந்தக் கதையைச் சித்தி ஒரு மழைநாளில் பிள்ளைகளுக்குச் சொல்லப் போக, பட்டாணி பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தக் கதவும் கூப்பிடாமல் சாத்துவதில்லை. ஆட்டோ ஏறினால் கூப்பிடுவாள். வாசல் கதவைத் தாழ்போடுமுன் கூப்பிடுவாள். வீட்டில் எல்லாம் தலைகீழ். எல்லோரும் "உள்ளே" என்றால்தான் கதவு சாத்தலாம். "அப்பா?" "உள்ளே." "துரை?" துரை சலித்துக்கொண்டு "உள்ளே" என்பான். "பட்டாணி?" என்று தன்னையே கூப்பிட்டுக்கொண்டு, குரலை மாற்றி "உள்ளே" என்பாள். கடைசியாகச் சித்தி. தாழ்போடுகிறவர் சித்தி என்பதால் அவளுக்கு எப்போதும் கடைசி இடம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆரம்பத்தில் பயந்தார்கள். பிறகு பழகிவிட்டது.

அக்கா இறந்தபோது பட்டாணிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. காய்ச்சல் என்று போனவள் திரும்பவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் நீளமாகப் பேசியதில்லை. கொஞ்ச நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தோள்பையோடு வந்தவள் சித்தி. அந்தக் கொஞ்ச நாள் வளர்ந்து பட்டாணி பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அத்தானையே கட்டிக்கொள்ளேன் என்று சொல்லாதவர்கள் பாவம். சித்திக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அத்தானின் குறட்டையையும் பிடிவாதத்தையும் பற்றி அக்கா சொல்லிச் சிரித்ததெல்லாம் அவள் காதில் இருந்தது. அதற்குமேல் எந்தப் பெண்ணுக்குக் கல்யாண ஆசை வரும்? அத்தானுக்கும் இவளைப் பார்த்தால் மனைவியின் தங்கையாகத்தான் தெரிந்தது. இரண்டு பேரும் அந்தப் பேச்சைக் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுவார்கள்.

அவளுக்கு வேண்டியிருந்தது பிள்ளைகள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்ததுமில்லை.

பட்டாணி பேச ஆரம்பித்தபோது முதலில் அவளைத்தான் "அம்மா" என்றாள். சித்தி உடனே திருத்தினாள். "அம்மா இல்ல கண்ணு, சித்தி." மறுபடி சொன்னாள், மறுபடி திருத்தினாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி அந்தச் சொல்லின்மேல் அக்காவுக்காகத் துண்டு போட்டுவைத்தாள். அக்கா வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் துண்டை எடுத்துப்போட்டுத் தான் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் பின்னால் அத்தான் வந்து நின்றார். டம்ளரை எடுத்தார், வைத்தார். மென்று முழுங்கினார். பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண்ணைப் பற்றி ஒருவழியாகச் சொன்னார். கல்யாணத்தைச் சிக்கனமாக, பதிவு அலுவலகத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பதாகவும் சொன்னார். நல்ல பெண் என்றார். சித்தி குழாயை மூடிவிட்டு, "நல்லது அத்தான்" என்றாள். அது பொய்யில்லை. அந்த மனிதருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஏரியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைகள் அந்தப் பெண்ணோடு பழக வேண்டும், விடுமுறைக்கு எல்லோருமாக எங்காவது போனால் நல்லது என்றார் அத்தான். சித்தி சரி என்றாள். அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நீயும் வந்தா, அதுங்க உன்னையே ஒட்டிக்கிட்டு இருக்கும். அவகிட்ட போகவே போகாது," என்றார். "தப்பா எடுத்துக்காத."

சித்தி யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தான் எங்கே இருப்பது என்று அவர் கேட்கவில்லை. கிடங்குக்குப் பக்கத்தில் பெண்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. அங்கே ஒரு கட்டில் காலியா என்று அவளே விசாரித்துவைத்தாள்.

"பிள்ளைங்ககிட்ட நீயே சொல்லிடேன்," என்று வாசல்வரை போன அத்தான் திரும்பி வந்து சொன்னார். "நீ சொன்னா கேப்பாங்க."

அதற்கும் சரி என்றாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. அந்த நாளிலிருந்து சித்தி எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்து இரண்டு மூன்று தடவை குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். வரவில்லை. தண்ணீர்தான் வீணாயிற்று. சாப்பிட்டாள், தூங்கினாள், பெட்டி அடுக்கினாள். வலி நின்றுபோனால் வெளியே வந்துவிடு என்று சொல்ல வீட்டில் சூப்பர்வைசர் யாரும் இல்லை.

ஏற்பாடுகள் மட்டும் ஒன்று விடாமல் நடந்தன. ஏரிக்கரையில் மரத்தூண்களின்மேல் கட்டிய அறைகள் இருந்தன. சன்னலைத் திறந்தால் கீழே தண்ணீர். தங்குமிடத்துக்காரருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்பதுபோல் சாப்பாடு எப்படி, படகு உண்டா என்று கேட்டுவிட்டு, அறைக்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியுமா என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. எல்லாக் கதவும் உள்ளேயிருந்து திறக்குமே அம்மா என்றார். குமிழா, தாழ்ப்பாளா, குழந்தைக்குக் கை எட்டுமா, இறுகிக்கொள்ளுமா என்று அவள் விடாமல் கேட்டாள். கடைசியில் அந்த மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டே அறைக்குள் போய், கதவைச் சாத்தி, திறந்து, அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தார். திறந்துகொண்டு வந்தவர், போதுமா என்று கேட்டார். இன்னொரு தடவை என்றாள்.

துணியை அடுக்கியபோதுதான் அவளுடைய பிழைப்பு அவளைக் காட்டிக்கொடுத்தது. சட்டை, துண்டு, நீச்சல் உடுப்பு எல்லாம் வைத்த பிறகு, பையின் அடியில் இரண்டு கம்பளிச் சட்டைகளையும் காலுறைகளையும் வைத்தாள். முட்டையை வெளியே வைத்தால் தானே வெந்துவிடும் என்று சொல்லப்படுகிற ஏரி அது. அங்கே போகிறவர்கள் மேல்தோலைக்கூடக் கழற்றிவைக்கத்தான் ஆசைப்படுவார்கள். துரை பையைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சித்திக்கு என்ன செய்தோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாகக் கதவைத் திறந்து எங்கே போனாலும் குளிரத்தான் செய்திருக்கிறது. கை அதன் பாட்டில் எடுத்துவைத்திருக்கிறது. சிரித்துக்கொண்டே எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எடுக்கவில்லை.

மருந்துக்கடைப் பெண் ஒரு மதியம் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அத்தான் அனுப்பவில்லை, தானாகத்தான் வந்தேன் என்றாள். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கத்தரித்துக் கட்டைவிரலில் காய்ப்பு இருந்தது. சித்தி அதைக் கவனித்தாள். உழைக்கிற கை என்று திருப்தியாக இருந்தது. வெறுக்கக் காரணம் தேடினால் கிடைக்காத மனிதர்கள் சிலர் உண்டு. அவர்களோடு பழகுவதைப்போலச் சிரமம் எதுவுமில்லை.

சித்தி வேலையை ஒப்படைப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். துரைக்கு வண்டியில் முன்சீட்டு, சன்னலோரம். பின்னால் உட்காரவைத்தால் வாந்தி. பசிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டான், கோபித்துக்கொண்டால் பசி என்று அர்த்தம். பட்டாணியின் இடது காதில் தண்ணீர் போகக்கூடாது; பஞ்சில் எண்ணெய் தொட்டு அடைத்துவிட்டுத்தான் ஏரியில் இறக்க வேண்டும். வண்டிக் கதவைச் சாத்துமுன் கூப்பிடுவாள், உள்ளே என்று பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. குளிக்கிற வெந்நீரை முழங்கையால் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "நீங்க கையாலயே பாக்கலாம்," என்று திருத்திக்கொண்டாள்.

"தூங்கும்போது அழுவாளா?" என்று மருந்துக்கடைப் பெண் கேட்டாள்.

"அழ மாட்டா. பக்கத்துல இருக்கிறவங்க காதைப் பிடிச்சுக்குவா. காது மடல, இப்படி." சித்தி தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "தோடு குத்தும். கழட்டி வச்சிடுங்க."

அந்தப் பெண்ணின் காதில் சின்ன வெள்ளைக்கல் தோடு இருந்தது. அவள் அதை விரலால் தடவிக்கொண்டாள். பிறகு, இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை என்று ஆரம்பித்து, பட்டாணி தன்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். கடையில் பார்த்தபோது கூப்பிட்டதுபோல ஆண்ட்டி என்றே எத்தனை நாள் கூப்பிடுவாள்?

சித்தி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மான்னு கூப்பிட்டா, கூப்பிடட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

கிடங்கில் இன்றைய குளிர் எவ்வளவு என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரல். தானே ஒரு நாள்கூட உட்காராத இடத்திலிருந்து துண்டை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது கை நடுங்கியிருந்தால் அவளுக்கே ஆறுதலாக இருந்திருக்கும். நடுங்கவில்லை. காப்பி போடட்டுமா என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் செய்தவள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டாயா என்று அத்தான் கேட்கும்போதெல்லாம், சொல்கிறேன் என்றாள். சொல்ல வாய்ப்பில்லாமலும் இல்லை. தங்குமிடத்தில் ஒரு படகில் நான்கு பேருக்குமேல் ஏற்ற மாட்டார்கள் என்பது துரையின் காதுக்கு எட்டி, அவன் இரண்டு நாள் அதே கவலையாக இருந்தான். பிறகு ஏரிப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். இரண்டு படகுகள் வரைந்திருந்தான்.

"முதல் படகுல அப்பா, ஆண்ட்டி, பட்டாணி. ரெண்டாவது படகுல நானும் நீங்களும். துடுப்பு நான்தான் போடுவேன். நீங்க சும்மா உட்காந்து வரலாம் சித்தி."

இரண்டாவது படகில் அவன் பெரிதாக இருந்தான். சித்தி கம்பளித் தொப்பியோடு குட்டியாக இருந்தாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவள் இடித்த புளி மாதிரி உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்றாள். பெரியவர்களின் "பாத்துக்கலாம்" என்ற சொல்லுக்குக் குழந்தைகள் எப்போதும் ஆமாம் என்றே அர்த்தம் வைத்துக்கொள்கிறார்கள். எத்தனை தடவை ஏமாந்தாலும் திருந்துவதில்லை.

புறப்படுகிற காலையில் வாடகை வேன் வாசலில் வந்து நின்றது. சித்தி பைகளை ஏற்றினாள். வழியில் சாப்பிட வைத்திருந்த ரொட்டிப்பையும் தண்ணீரும் அவள் கையிலேயே இருந்ததால் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரவில்லை. துரையை முன்சீட்டில் சன்னலோரம் உட்காரவைத்தாள். பட்டாணியின் காலணி வாரைச் சரிசெய்தாள். மருந்துக்கடைப் பெண் துணிப்பையைப் பார்த்து, இதில் அடியில் என்ன இவ்வளவு பொதபொதவென்று என்று திறந்தாள். கம்பளிச் சட்டைகளைக் கண்டாள். அவற்றை நன்றாக உள்ளே அமுக்கி ஜிப்பை இழுத்து மூடினாள். அப்போதுதான் சித்தி பார்த்தாள். அந்தப் பெண்ணின் காதில் தோடு இல்லை.

சொல்லிவிட்டாயா என்று அத்தான் கண்ணாலேயே கேட்டார். சித்தி ரொட்டிப்பையை அவர் கையில் கொடுத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் தொங்கிப்போய், ஏறி உட்கார்ந்தார். டிரைவர் கதவை இழுக்க வந்தார்.

"இருங்க, கூப்பிடணும்," என்றாள் பட்டாணி.

டிரைவர் நின்றார். "அப்பா?" "உள்ளே." "துரை?" விடுமுறை என்பதால் துரை சலித்துக்கொள்ளாமல் பட்டென்று "உள்ளே" என்றான். பட்டாணி கொஞ்சம் யோசித்து, "ஆண்ட்டி?" என்றாள். மருந்துக்கடைப் பெண் படித்துவைத்த பாடத்தை ஒப்பிப்பதுபோல "உள்ளே" என்றாள். "பட்டாணி?" குரலை மாற்றி, "உள்ளே."

"சித்தி?"

அத்தான்தான் பதில் சொன்னார். சித்திக்குக் கிடங்கில் வேலை இருக்கிறது, லீவு கிடைக்கவில்லை, அடுத்த தடவை கட்டாயம் வருவாள் என்று அவசர அவசரமாகச் சொன்னார்.

"நீங்க சொல்லக்கூடாதுப்பா," என்றாள் பட்டாணி. "அவங்களேதான் சொல்லணும்."

முன்சீட்டிலிருந்து துரை திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது, விளங்குகிற வயதுதான். கூச்சல் போடுவான் என்று எல்லோரும் பயந்தார்கள். "ரெண்டாவது படகு?" என்றுமட்டும் கேட்டான்.

வேனில் இடம் இருந்தது. பின்சீட்டில் ஒரு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் ஒரு ஆள் உட்காரலாம். "உள்ளே" என்று ஒரு சொல் சொன்னால் அத்தான் பையை நகர்த்திவிடுவார். முகத்துக்கு நேரே முடியாது என்கிற மனிதர் இல்லை அவர். மருந்துக்கடைப் பெண்ணே நகர்ந்து இடம் விடுவாள். அப்புறம் ஏரிக்கரையில் இரண்டு பிள்ளைகளும் சித்தியின் இரண்டு பக்கத்திலும் தொங்கிக்கொண்டிருக்கும். தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள் வெறுங்காதோடு தனியாகப் படுத்திருப்பாள். இது இந்த விடுமுறையோடும் முடியாது. இவ்வளவும் சித்திக்குத் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே போய் உட்கார வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதும் தெரிந்தது.

"சித்தி?" பட்டாணி இன்னொரு தடவை, சூப்பர்வைசர் கூப்பிடுகிற மாதிரி நீட்டிக் கூப்பிட்டாள்.

"வெளியே," என்றாள் சித்தி.

பட்டாணி அவளையே பார்த்தாள். அந்த வீட்டு விளையாட்டில் அதுவரை யாரும் சொல்லாத பதில். ஆனால் பதில் பதில்தான்; அவரவர் வாயால் சொல்லியாகிவிட்டது. "வெளியே" என்று பதில் வந்தால் கிடங்கில் என்ன செய்வார்கள் என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் சித்திதான்.

"சாத்தலாம்," என்றாள் பட்டாணி. வாய் கோணிக்கொண்டு வந்தது.

டிரைவர் கதவை இழுத்துச் சாத்தினார். வேன் நகரும்போது கண்ணாடி வழியாகத் தெரிந்தது: பட்டாணி அழுதுகொண்டிருந்தாள், அழுகிறவளின் கை தடவிக்கொண்டே போய் மருந்துக்கடைப் பெண்ணின் காதைப் பிடித்துக்கொண்டது. துரை திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தி வீட்டுக்குள் வந்தாள். மேஜையில் ஏரி விரித்தபடி கிடந்தது. அதை எடுத்துச் சுருட்டாமல், பக்கத்தில் மிச்சமிருந்த பாதி மேஜையில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். முழங்கை யார்மேலும் இடிக்கவில்லை. தட்டைக் கழுவினாள். வாசல் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

கிடங்கில் அன்று இறால் வந்திருந்தது. வண்டி வண்டியாக இறக்கினார்கள். ஐஸக்கா பெட்டிகளை வாங்கி அடுக்கினாள். ஏரிக்கு அனுப்பிவிட்டீர்களா என்று யாரோ கேட்டதற்கு அனுப்பியாச்சு என்றாள். சாயங்காலம் வேலை முடிந்து ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அவள் கடைசி வரிசையில், கடைசி அடுக்கின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுக்க இனிப் பெட்டி இல்லை. நின்றாள்.

வாசலில் சூப்பர்வைசர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக "வெளியே", "வெளியே" என்ற சத்தம் கேட்டது. "ஐஸக்கா?" என்றார்.

அவளுக்குக் கேட்டது. பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

"ஐஸக்கா?" வாசலில் பேச்சுச் சத்தம் நின்றது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஒருவன் முணுமுணுத்தான். அவனை இரண்டு பேர் அடக்கினார்கள். கதவு சாத்தவில்லை. குளிரெல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருக்க, அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவர்கூட அவளுக்காகப் பதில் சொல்லவில்லை. மூன்றாவது தடவை சூப்பர்வைசர் கதவுக்குள் ஒரு கால் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். குரலில் பயம் இருந்தது.

"உள்ளே," என்றாள் சித்தி. குரல் சரியாக எழும்பவில்லை. "உள்ளேதான் இருக்கேன்."

யாரோ ஓடிவந்து தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கையுறையைக் கழற்றினார்கள். கொஞ்சநேரத்தில் விரல்நுனிகளில் ரத்தம் திரும்ப ஆரம்பித்தது. ஊசி ஊசியாய்க் குத்தியது. பிறகு மணிக்கட்டு வரை, முழங்கை வரை வலித்தது. அவள் குனிந்து இரண்டு கைகளையும் மடியில் அமுக்கிக்கொண்டு அழுதாள். பட்டாணி, துரை என்று பெயர் சொல்லி அழுதாள்.

"என்ன ஆச்சு?" என்று சூப்பர்வைசர் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டார்.

"வலிக்குது."

"வலிச்சா நல்லதுதான்," என்றார் அவர். எழுந்து போய், எல்லோரையும் முதலிலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.